மலைக்கும் ஒரு தோம்பு வேண்டும்

காணி வழக்கொன்றின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சட்டத்தரணியின் நாவன்மையே என்று பொதுமக்களிற் பலர் எண்ணுகின்றனர். நீதிமன்ற வாசலிலே நெடுங்காலம் நின்று பழகிய நாம் அவ்வாறு எண்ணுவதில்லை. பழைய உறுதியொன்றும், அளவையாளர் கீறிய படமொன்றும், ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலே யாரோ ஓர் எழுத்தர் சலிப்போடு எழுதிவைத்த ஒற்றை வரியும் சாதிப்பதை எந்த நாவன்மையும் சாதித்ததில்லை. அந்த எழுத்தர் எவருடைய வழக்கையும் மனத்திற் கொண்டு எழுதினாரல்லர். எழுதுவது தம் கடமை என்பதனால் எழுதினார். இரு நூற்றாண்டுகள் கழிந்தபின், ஒரே பாட்டனின் வழிவந்த இரு குடும்பங்கள் ஒரு வேலிக்காக மன்றேறும்போது அவ்வரி எழுந்து நின்று சாட்சி சொல்கிறது.

எழுதிவைக்காதவன் கதி யாது என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். சில ஆண்டுகளின் முன் முதிய கமக்காரர் ஒருவருக்காக நாம் தோன்றினோம். அயற்காணியில் ஆழ்துளைக் கிணறு இறக்கியபின் தமது தோட்டக் கிணற்றில் நீர் வற்றிவிட்டது என்பது அவர் முறைப்பாடு. அவர் சொன்னது உண்மையென்பதில் எமக்கு ஐயமிருக்கவில்லை. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு கேள்வியே கேட்டார்: “முன்னர் எத்தனை முழம் தண்ணீர் நின்றது?”

“நிறைய நின்றது, ஐயா.”

“நிறைய என்றால் எவ்வளவு? எப்போதாவது அளந்து பார்த்தீரா?”

பெரியவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். வழக்கு அந்தப் பார்வையோடு முடிந்துவிட்டது.

மத்திய மலைநாட்டின் உச்சிகளிலே நிற்கும் காடுகளைப் பற்றி எழுதப் புகுந்த நாம் இக்கதையை முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. அக்காடுகளுக்கு நேர்ந்ததும் இதுவே. பெரியவரின் இடத்திலே இன்று மலை நிற்கிறது.

ஹோட்டன் சமவெளியை எமது வாசகரிற் பலர் பாடசாலைச் சுற்றுலாவிலேனும் கண்டிருப்பர். ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலே, ‘பத்தனா’ எனப்படும் புல்வெளியும், பாசி போர்த்த குட்டை மரங்கள் செறிந்த மேகக்காடும் மாறிமாறி விரியும் நிலம் அது. அதன் ஓரத்தே 7,700 அடியையும் தாண்டி தொட்டுபொல மலையும், அதனிலும் உயர்ந்த கிரிகல்பொத்தயும் எழுந்து நிற்கின்றன. 1969இல் அது இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது; 1988இல் தேசிய வனமாயிற்று; 2010இல் சிவனொளிபாதமலை வனத்தோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டது. உலக முடிவைப் பார்த்துப் படமெடுத்துத் திரும்பும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வழியிலே வெண்ணிற எலும்புக்கூடுகள் போல் நிற்கும் பட்ட மரங்களைப் பார்த்து, இவை ஏன் மடிந்தன என்று கேட்டவர் மிகச் சிலரே.

அம்மரங்கள் உச்சிக்கொம்பிலிருந்து கீழ்நோக்கிக் காய்ந்து மடிகின்றன என்பது 1970களிலேயே, முதலில் தொட்டுபொல மலைப்பக்கத்திலே, கவனிக்கப்பட்டது. சிங்களத்திலே ‘கீன’ எனப்படும் மரமும், நாவலினத்தைச் சேர்ந்த மரங்களும், வேறு பலவும் இதில் அடங்கும். அன்றுதொட்டு ஆய்வாளர் பலர் அங்கு சென்றனர். மண்ணில் ஈரம் குன்றியதே காரணம் என்றனர் சிலர். மண்ணின் புளிப்பும், அதனாற் கரைந்து வேருக்கு வரும் அலுமினியமும், சுண்ணச்சத்தின் குறைவும் என்றனர் வேறு சிலர். காற்றோடும் மூடுபனியோடும் வந்து படியும் மாசு, ஈயம், பூஞ்சண நோய், பட்டையை உரிக்கும் மரைகள் என்று சந்தேக நபர்களின் பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றுக்கும் ஓரளவு சான்று உண்டு. ஏனையவற்றையெல்லாம் விலக்கி, குற்றவாளி இதுவே என்று தீர்ப்பெழுதப் போதிய சான்று எதற்கும் இல்லை.

ஏன் இல்லை? ஆய்வாளரின் திறமைக் குறைவென்று எவரும் சொல்லார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மரணம் நிகழ்ந்துவிட்டிருந்தது. மரங்கள் நலத்தோடு நின்ற காலத்திலே ஒரு குறித்த இடத்தில் எத்தனை மரம் நின்றது, ஆண்டுக்கு எத்தனை மடிவது வழக்கம், எத்தனை கன்று முளைத்தது, மண்ணின் புளிப்பு எவ்வளவு, மூடுபனி எத்தனை நாள் இறங்கியது என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. பிணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உயிரோடிருந்த காலத்து உடல்நிலையை ஊகிக்குமாறு வைத்தியரைப் பணித்தால் அவர் என் செய்வார்?

1960களிலே அச்சமவெளியின் புல்நிலத்தை உழுது விதை உருளைக்கிழங்கு பயிரிட்டனர். பின்னர் அது கைவிடப்பட்டது. அந்த உழவு புல்வெளியை எவ்வாறு மாற்றியது? உழுவதற்கு முன் அங்கு எத்தனை இனப் புல் இருந்தது என்பதை அறிந்தாலன்றோ சொல்லலாம்! எத்தனை அந்தர் கிழங்கு விளைந்தது என்று கணக்கெழுதும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. எவற்றை அழித்து விளைவித்தோம் என்று எழுதும் வழக்கம் இல்லை. கோப்பித் தோட்டத்துக்கும், 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி மடிந்தபின் தேயிலைத் தோட்டத்துக்கும் மலைக்காடு வெட்டப்பட்ட வரலாறும் இத்தகையதே. ஏற்றுமதியான கோப்பிக்கு வருடாவருடம் கணக்கு உண்டு. வெட்டுண்ட மரத்துக்கு இல்லை. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை வெட்டாமல் விடுமாறு அரசாங்கத்துக்கு யோசனை கூறினார். இன்று எஞ்சி நிற்கும் மலைக்காடு நிற்பதற்கு அந்த யோசனையும் ஒரு காரணம். காக்கவேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது. காப்பதை அளக்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாது போயிற்று.

இதற்கு மாறாக, மழையின் கதையைப் பாருங்கள். நுவரெலியாவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மழைமானியிலே விழுந்த நீரை அளந்து எழுதி வந்திருக்கின்றனர். குளிரிலே விடியற்காலை எழுந்து, அளவுக் குழாயைப் பார்த்து, ஓர் எண்ணைக் குறித்துவிட்டுப் போன சிற்றூழியர்களின் வேலை அது. அவ்வேலையைச் செய்தவர் பெயரை எவரும் அறியார். அவர்கள் எழுதிய எண்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான், அங்கு ஆண்டு மழை காலப்போக்கிற் குறைந்து வந்திருப்பதை ஆய்வாளர் காட்ட முடிந்தது. மழைக்குத் தோம்பு இருந்தது. ஆகவே மழை பேசியது. காட்டுக்குத் தோம்பு இல்லை. ஆகவே காடு ஊமையாயிற்று.

காட்டுக்குத் தோம்பு எழுதுவது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்போருக்கு, அதனைச் செய்து காட்டிய நாட்டாரைச் சுட்டுவோம்.

சுவிற்சர்லாந்தின் கிழக்கெல்லையோரத்தே பிற்ஸ் லினார்ட் என்னும் சிகரம் உளது. அதன் உயரம் 3,410 மீற்றர். 11,000 அடிக்கு மேல். 1835ஆம் ஆண்டில் ஒஸ்வால்ட் ஹேர் என்னும் தாவரவியலார் அதன் உச்சிக்கு ஏறினார். அங்கே அவர் கண்டது ஒரேயொரு செடியினம். கல்லிடுக்கிலே மெத்தைபோற் படர்ந்து இளஞ்சிவப்புப் பூப்பூக்கும் ஒரு சிறு செடி. அதனை அவர் குறித்து வைத்தார். அக்குறிப்பினால் அன்று எவருக்கு என்ன பயன்? ஒரு பயனும் இல்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தோர் அதே உச்சிக்கு மீண்டும் மீண்டும் ஏறினர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே பிரவுன் பிளாங்கே ஏறினார். பின்னரும் பலர் ஏறினர். 2011இல் ஏறியவர்கள் அங்கே 16 இனங்களை எண்ணினர். 176 ஆண்டுகளில் ஒன்று பதினாறாயிற்று! கீழே வாழ்ந்த செடிகள் உச்சியை நோக்கி ஏறி வந்திருக்கின்றன, மலை சூடேறியிருக்கிறது. ஹேர் எழுதிய அந்த ஒற்றை வரி இல்லாவிடின், பதினாறு என்பது வெறும் எண்ணேயாகும். முதல் வரி இருந்தமையால் அது சாட்சியமாயிற்று.

இவ்வாறு பழைய குறிப்புகள் உள்ள சிகரங்களைத் தேடித் தேடி ஏறும் பணியை ஒஸ்திரியாவின் வியன்னாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரப்ஹெர், கொட்ஃப்றீட், பௌலி ஆகியோர் மேற்கொண்டனர். 26 சிகரங்களை மீண்டும் ஆராய்ந்து அவர்கள் 1994இல் வெளியிட்ட முடிவு, உச்சிகளிலே செடியினங்கள் பெருகி வருகின்றன என்பதாம். எனினும் பழைய குறிப்புகளில் ஒரு குறை இருந்தது. முன்னோர் எந்தக் கல்லின் அருகே நின்று எண்ணினர் என்பது எல்லா இடத்திலும் தெளிவாயில்லை. வேலிக்கல் இல்லாத காணி போன்றதே அது. ஆகவே இனி எண்ணுவோர் எல்லோரும் ஒரே முறையில், ஒரே இடத்தில் எண்ணவேண்டும் என்று தீர்மானித்து, ‘குளோரியா’ என்னும் கூட்டமைப்பை உருவாக்கினர். 2001இல் ஐரோப்பாவின் 18 மலைப்பிரதேசங்களிலே தொடங்கிய அவ்வேலை இன்று பல கண்டங்களிலே நூற்றுக்கு மேற்பட்ட பிரதேசங்களில் நடைபெறுகிறது.

அம்முறையைச் சற்று விரித்துரைத்தல் நன்று. எமது அளவையாளரும் கமக்காரரும் அதன் எளிமையைக் கண்டு வியப்பர். ஒரு பிரதேசத்தில் வெவ்வேறு உயரமுள்ள நான்கு உச்சிகளைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒவ்வோர் உச்சியின் நான்கு திசைகளிலும் மூன்று மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தை அளந்து, அதன் நான்கு மூலைகளிலும் ஒரு சதுர மீற்றர் கொண்ட கட்டங்களை அமைக்கின்றனர். ஆக, உச்சியொன்றுக்குப் பதினாறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எந்தெந்தச் செடி, எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது, எவ்வளவு கல், எவ்வளவு வெறுமண் என்று குறிக்கின்றனர். பத்து சென்றிமீற்றர் ஆழத்திலே ஒரு சிறு வெப்பமானியைப் புதைக்கின்றனர். அது மணிக்கு மணி வெப்பத்தைப் பதிந்துகொண்டே கிடக்கும். கட்டத்தின் மூலைகளைக் குறியிட்டு, படமெடுத்து, அடுத்து வருபவர் தடுமாறாதபடி எழுதிவைத்துவிட்டு இறங்கிவிடுகின்றனர். ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஏறி, அதே கட்டத்தில், அதே முறையில் எண்ணுகின்றனர். இதற்கு மாளிகை வேண்டாம்; பெரும் இயந்திரம் வேண்டாம். கயிறும், அளவுச் சட்டமும், செடியை அறிந்த கண்ணும், சொன்ன ஆண்டில் திரும்பி வரும் நேர்மையுமே வேண்டும். கடைசியிற் சொன்னதுதான் அரிது.

இம்முறையினால் வெளிப்பட்டவை யாவை? 2012இல் 66 உச்சிகளின் கணக்கு வெளியாயிற்று. ஐரோப்பாவின் வடக்கு, நடுப்பகுதி மலையுச்சிகளிலே சராசரி ஏறக்குறைய நான்கு இனங்கள் கூடியிருந்தன. மத்தியதரைக் கடலைச் சார்ந்த மலைகளிலோ இனங்கள் கூடவில்லை; சராசரி ஒன்றுக்கு மேற்பட்டவை குறைந்திருந்தன. வெப்பம் இரண்டிடத்தும் ஏறியது. தெற்கிலே அதனோடு வறட்சியும் சேர்ந்தது. ஒரே காரணம், நேர்மாறான இரு விளைவுகள்! சுவிஸ் மலையின் கணக்கைப் பார்த்து ஸ்பானிய மலைக்குத் தீர்ப்பெழுதியிருந்தால் அத்தீர்ப்பு பிழைத்திருக்கும். அங்ஙனமாயின் அல்ப்ஸ் மலையின் கணக்கைப் பார்த்து கிரிகல்பொத்தவுக்குத் தீர்ப்பெழுதலாமா?

2018இல் மற்றொரு கணக்கு வந்தது. 302 உச்சிகளின் 145 ஆண்டுக் குறிப்புகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, 2007 முதல் 2016 வரையான பத்தாண்டில் இனங்கள் கூடிய வேகம், 1957 முதல் 1966 வரையான பத்தாண்டின் வேகத்தைப்போல ஐந்து மடங்கு என்று தெரிந்தது. இனம் கூடுவது நல்லதுதானே என்று யாரேனும் சொல்லக்கூடும். குடியேற்றம் எல்லாம் வளர்ச்சியாகாது என்பதை எமது வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கீழிருந்து வருவன உயரமும் வேகமும் மிக்கவை. உச்சியிலே குளிரை நம்பி வாழ்ந்த சிறு செடிக்கு மேலே போக வேறு மலை இல்லை. நம் நாட்டிலே மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். அதற்கு மேல் ஆகாயம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து நைவட் மலைமுகட்டில் 1952 முதல் காலநிலையைப் பதிந்து வருகின்றனர். மிக உயர்ந்த நிலையம் 3,700 மீற்றருக்கு மேல் இருக்கிறது. பனிக்காலத்திலும் அவ்வேலை நிற்பதில்லை. 1980இல் அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான நிறுவகம் நீண்டகாலச் சூழல் ஆய்வு என்ற திட்டத்தைத் தொடங்கியபோது முதலிலே தெரிவான இடங்களில் அதுவும் ஒன்று. அத்திட்டத்தின் சிறப்பு, ஆறாண்டுக்கொருமுறை மீளாய்வு செய்து பணத்தைப் புதுப்பிக்கும் ஏற்பாடு. நம் நாட்டிலோ மூன்றாண்டு ஆய்வுக்குப் பணம் கிடைத்தால், மாணவர் பட்டம் பெறுவதோடு ஆய்வும் முடிகிறது. நாலாம் ஆண்டிலே கட்டத்தின் மூலைக்குறி புல்லுக்குள் மறைகிறது.

நம்மவரால் இயலாது என்று சொல்வோருக்குச் சிங்கராஜ வனத்தைக் காட்டுவோம். அங்கே 25 ஹெக்டேர் நிலத்திலே, 1993ஆம் ஆண்டு தொடக்கம், ஒரு சென்றிமீற்றர் தடிப்புள்ள கன்று முதலாக எல்லா மரங்களுக்கும் இலக்கமிட்டு, அளந்து, வரைபடத்திற் குறித்தனர். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்கள்! குறித்த ஆண்டுகளின் பின் மீண்டும் அளக்கின்றனர். செய்தவர்கள் நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தாரும் அவர்களோடு சேர்ந்த பிறநாட்டாருமே. ஆகவே கல்வி இல்லை, ஆள் இல்லை என்ற சாட்டு செல்லாது. தாழ்நில மழைக்காட்டுக்கு முடிந்தது உயர்மலைக் காட்டுக்கு ஏன் முடியாது? அங்கும் இன்று தனித்தனியாக அளந்துவரும் ஆய்வாளர் உளர். அவர்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவர்களுடைய வேலை ஓர் ஆளின் ஆர்வத்திலும் ஒரு நன்கொடையின் தவணையிலும் தொங்குவதையே நாம் கண்டிக்கிறோம்.

பார்க்காமல் இருப்பதன் விளைவுக்கு ஒரு சிறு உதாரணம். ஹோட்டன் சமவெளிக்கு உரிய தேவாங்கு ஒன்று உண்டு. 1930களுக்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதனைக் கண்டார் இல்லை. அற்றுப்போயிற்று என்றே கருதினர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் கண்ணிற் பட்டது. 2010இல் அதன் படமும் உலகெங்கும் வெளியாயிற்று. பாவம், தேவாங்கு எங்கும் போய்விடவில்லை. இரவிலே விளக்கோடு போய்ப் பார்ப்பார்தான் இருக்கவில்லை. இருப்பதை இல்லையென்றும், இல்லாததை இருக்கிறதென்றும் நம்பிக்கொண்டு ஒரு நாடு எவ்வாறு தன் வனத்தை ஆளும்?

இனி, எமது கமக்காரர் கேட்கும் கேள்விக்கு வருவோம். உரம் இல்லை, விதை இல்லை, நெல்லுக்கு விலை இல்லை. இந்நிலையிலே மலையுச்சியிற் புல்லை எண்ணுவதற்குப் பணமா? கேள்வி நியாயமானது. ஆனால் அக்கேள்வியைக் கேட்பவரின் வயலுக்குப் பாயும் நீர் எங்கிருந்து வருகிறது? ஹோட்டன் சமவெளியும் அதனைச் சூழ்ந்த மலைகளும் மகாவலிக்கும், களனிக்கும், வளவைக்கும் தலைநீர் தருகின்றன. அந்த மகாவலி 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. அதன் கிளையாகிய வெருகலாற்று நீரை நம்பியே மூதூர்ப் பக்கத்து அல்லைக் குடியேற்றத் திட்டத்து வயல்கள் விளைகின்றன. சிறுபோகத்திலே வாய்க்காலில் நீர் மட்டம் விழும்போது வட்டவிதானையோடு சண்டையிடுகிறோம், பொறியியலாளரைக் குறைகூறுகிறோம். ஆற்றின் தலையிலே என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை.

மேகக்காட்டின் இலைகளும் கிளைகளிற் படர்ந்த பாசியும் மூடுபனியிலிருந்து நீரை வடித்து மண்ணுக்குச் சொட்டுகின்றன என்பது பல நாடுகளிலே அளந்து காட்டப்பட்ட உண்மை. மரம் மடிந்தால் அந்த வடிப்பும் நிற்கும். ஆயினும், தொட்டுபொல மலையில் மரங்கள் மடிந்தமையினாலேதான் உங்கள் வாய்க்காலில் நீர் குறைந்தது என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் எதிர்த்தரப்பார் அந்த ஒரே கேள்வியைக் கேட்பர்: முன்னர் எவ்வளவு இருந்தது? நடுவிலே அணைகளும் மின்நிலையங்களும் மரக்கறித் தோட்டங்களும் இருக்கின்றன; அவற்றின் பங்கு எவ்வளவு, காட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. பங்கைப் பிரிக்க இயலாதவரை பொறுப்பையும் பிரிக்க இயலாது. இழப்பவர் கமக்காரர், பொறுப்பாளி எவரும் இலர். இதைவிட வசதியான நிலைமை ஆளுவோருக்கு வேறு உண்டா?

சட்டம் இது பற்றி யாது கூறுகிறது என்று பார்ப்போம். சூழலைப் பாதுகாத்து, பேணி, மேம்படுத்துவது அரசின் கடமை என்று 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரை கூறுகிறது. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. இரண்டு உறுப்புரைகள் தள்ளி 29ஆம் உறுப்புரையைப் படியுங்கள்: அவ்வத்தியாயத்தின் ஏற்பாடுகளை எந்த நீதிமன்றிலும் வலியுறுத்த இயலாது. கொடுத்த கையே பறித்துக்கொண்டது. எனினும் வழி முற்றாக அடைபடவில்லை. எப்பாவல பொசுபேற்றுக் கனிய ஒப்பந்தத்துக்கு எதிராக அப்பகுதிக் கமக்காரர் உள்ளிட்டோர் உயர்நீதிமன்றத்திலே தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு தீர்ப்பு அவர்கள் பக்கம் கிடைத்தது. இயற்கை வளத்தை அரசு மக்களின் பொருட்டுப் பொறுப்பாகவே வைத்திருக்கிறது என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. அவ்வழக்கிலே உணர்ச்சி மாத்திரம் பேசவில்லை. அறிஞர் சபையினரின் அறிக்கைகளும் பேசின. மலைக்காட்டுக்காக நாளை ஒருவர் அம்மன்றின் படியேறினால் அவர் கையிலே கொண்டுபோக என்ன இருக்கிறது?

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தை நாள்தோறும் புரட்டும் நமக்கு அதன் 35ஆம் பிரிவு நன்கு தெரியும். பகிரங்க உத்தியோகத்தர் தம் கடமையைச் செய்யும்போது உத்தியோகப் பதிவேட்டில் எழுதிய பதிவு, தானே தொடர்புடைய சான்றாகும். நூறாண்டு கழிந்து எழுதியவர் இல்லாவிடினும் பதிவு நிற்கும். மலையுச்சியின் செடிக்கணக்கை ஒரு மாணவரின் குறிப்பேட்டிலிருந்து எடுத்து இத்தகைய பகிரங்கப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்பதே எமது கோரிக்கையின் சாரம்.

அதற்கென ஒரு சட்டம் வேண்டும். கிரிகல்பொத்த, தொட்டுபொல, பிதுருதலாகலை, நக்கிள்ஸ், சிவனொளிபாதமலை வனம் ஆகிய இடங்களிலே நிலையான கட்டங்கள் குறிக்கப்பட்டு, எந்த ஆண்டில் மீள அளப்பது என்பது அச்சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதப்படல் வேண்டும். அரசாங்கம் மாறினும், அமைச்சர் மாறினும், அந்த ஆண்டு மாறலாகாது. அதற்குரிய பணம் வருடாந்தச் சலுகையாக இல்லாமல், நீதிபதிகளின் சம்பளத்தைப்போலத் திரட்டிய நிதியத்தின்மீது விதிக்கப்பட்ட செலவாக அமைதல் வேண்டும். அளக்கும் பொறுப்பு பல்கலைக்கழகங்களின் கூட்டுக் குழுவொன்றிடம் இருக்கட்டும். காக்கும் பொறுப்பு திணைக்களத்திடம் இருக்கட்டும். தன் காவலின் குறையைத் தானே அளந்து வெளியிடும் காவலாளியை நாம் இதுவரை கண்டதில்லை. அளந்தவை யாவும் ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாமே என்பர் சிலர். எழுதப்படாத தகவலை எந்தச் சட்டத்தின்கீழும் கேட்டுப் பெற முடியாது.

வேலைக்கு ஆட்களைக் கொழும்பிலிருந்து ஏற்றிச் செல்ல வேண்டியதுமில்லை. பட்டிப்பொலவிலும், ஒஹியாவிலும், அக்கரப்பத்தனையிலும் தோட்டப் பாடசாலைகளிற் படித்துவிட்டு வேலையற்றிருக்கும் இளைஞர் உளர். மூடுபனி எந்த மாதத்தில் எந்தச் சரிவிலே இறங்கும் என்பதை அவர்களுடைய பெற்றோர் கொழுந்துக் கூடையோடு நின்று கற்றிருக்கின்றனர். அவ்விளைஞர்களுக்குச் செடியறிவும் அளவுமுறையும் பயிற்றி, நிரந்தர ஊழியராக நியமித்தால், நுவரெலியாவின் மழையை எழுதிய அந்தப் பெயரறியா ஊழியர்களின் வேலையை அவர்கள் காட்டுக்குச் செய்வர். பண்டாரவளையிலும் வெலிமடையிலும் உருளைக்கிழங்கு பயிரிடும் சிங்களக் கமக்காரருக்கும், மூதூரில் நெல் விதைக்கும் தமிழ், முஸ்லிம் கமக்காரருக்கும் இதிலே ஒரே நலன்தான் உண்டு. ஆற்றின் தலைக்கும் வாய்க்கும் இடையே மொழி எல்லை கிடையாது.

வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் வனங்களுக்கும் வனசீவராசிகளுக்குமான ஒதுக்கீடு ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கு வருகிறது. யானை வேலி பற்றியும், நுழைவுச் சீட்டு வருமானம் பற்றியும் அங்கே மணிக்கணக்கிற் பேசுவர். எமது பிரதேசத்து நாடாளுமன்ற உறுப்பினர்கள் எக்கட்சியினராயினும், அடுத்த முறை அந்த ஒதுக்கீடு எடுக்கப்படும் நாளில் எழுந்து அமைச்சரிடம் மூன்று விவரங்களைக் கேட்டு, விடையை அறிக்கையிலே பதிவிக்க வேண்டும்: உயர்மலைக் காட்டில் நிலையான அளவுக் கட்டங்கள் எத்தனை, அவை எந்த ஆண்டு முதல் அளக்கப்படுகின்றன, அடுத்த அளவை எந்த ஆண்டில்? அக்கேள்விகளை எழுத்திலே தயாரித்து எமது உறுப்பினர்களுக்கு இவ்வாரமே அனுப்பி வைக்கிறோம். விடை எதுவாயினும், விடையின்மை எதுவாயினும், அதனை இப்பத்தியில் வெளியிடுவோம்.